ஏப்ரல் 1ஐத் தவறவிட்ட கடை

ஜவுளிக்கடையில் 12 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நான், பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டதைக்கூட, ஆய்வுக்கு வந்த அலுவலர் கேட்ட பிறகுதான் அறிந்தேன். ஸ்டூல்களை அன்று மாலையே வாங்கிவிட்டேன். உண்மையான சிக்கல் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி, சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுவதைக் கவனிக்காமல், 7 மாதங்களாகப் பழைய விகிதத்திலேயே கொடுத்திருந்தேன். கணக்காளர் பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். அவரோ நான் சொல்வேன் என்று இருந்தார். நிலுவையைக் கணக்கிட்டு வழங்கிக் கையொப்பமும் பெற்றேன். இப்போது ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில், தொழிலாளர் துறையின் அறிவிப்பையும், உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் தொழில்வரியின் விகிதத்தையும் நானே சரிபார்த்து, தேதியிட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.