மோட்டார் எடுக்க மறுக்கிறதா, ஆயில் ஒழுகுகிறதா? ஸ்பேனர் எடுக்கும் முன் பாருங்கள்

முத்துப்பேட்டையிலிருந்து மல்லிப்பட்டினம் வரை, இந்தக் கரையில் நான் பழுது பார்ப்பது பெரும்பாலும் படகின் பின்னால் மாட்டும் சின்ன டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்கள். கொண்டு வருபவர் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். "கயிறு இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சுண்ணே, எடுக்கவே மாட்டேங்குது." இல்லாவிட்டால், "ஆயில் ஒழுகுது." சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். அப்படி வந்தால் உடனே இரண்டு இடத்தில் பிரிக்க வேண்டாம், ஒரே கோளாறாக இருக்கலாம். ஒழுகுவது என்ன ஆயில் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

மேல்மூடியைக் கழற்றி, இன்ஜினைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மோட்டாரை நிமிர்த்தி மாட்டி, அடியில் ஒரு அட்டையை விரித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் சொட்டைத் தொட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோடு நீர்த்து இருந்தால் மேலே கார்ப்பரேட்டரிலிருந்து வரும் கலவை எண்ணெய், அதாவது ஆயில் கலந்த பெட்ரோல். வழவழவென்று கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையோடு இருந்தால் கீழே இருக்கும் கியர் ஆயில். புரொப்பல்லர் நடுவிலிருந்து கறுப்பாக வடிந்தால் எரியாமல் புகையோடு வெளியேறிய ஆயில்.

கலவை எண்ணெய்தான் என்றால், மோட்டார் எடுக்காததற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். டேங்கிலிருந்து வரும் குழாயில் உள்ள ரப்பர் பல்பை, அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க, அந்த முனை மேலே இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். சில அமுக்கலில் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகவே இல்லையென்றால் குழாயிலோ இணைப்பிலோ காற்று போகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. இறுகியது மெல்லத் தளர்ந்து, கார்ப்பரேட்டர் வாயில் எண்ணெய் சொட்டினால், கார்ப்பரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் எண்ணெயை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. ஊசி முனையில் ஒரு மணல் துகளோ பழைய பெட்ரோலின் பிசினோ இருந்தாலே போதும், எண்ணெய் நிரம்பி வழியும், பிளக் நனையும், நீங்கள் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, ஊசி முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் புதிது போடுங்கள்.

இதில் டேங்க் மூடியின் காற்றுத் திருகையும் மறக்கக் கூடாது. அதை மூடி வைத்து, குழாயையும் கழற்றாமல் வெயிலில் விட்டால், உள்ளே அழுத்தம் ஏறி நல்ல ஊசியையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் போகும். கரையில் நிற்கும்போது குழாயைக் கழற்றிவிடுங்கள். ஓட்டும்போது திருகைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கொஞ்ச தூரத்தில் மோட்டார் மூச்சடைத்து நின்றுவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்றால் பழக்கத்தைப் பாருங்கள். கரைக்கு வந்து நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்ப்பரேட்டரில் அதுதான் தங்கும். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சுலபமாக ஆவியாகாது, மறுநாள் விடியலில் எவ்வளவு இழுத்தாலும் எடுக்காது.

எண்ணெய் ஒழுங்காக வருகிறதென்றால் பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், நிறுத்தும் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, அதில் வயர் தொப்பியை மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்துத்தான் இழுக்க வேண்டும். அந்தரத்தில் விட்டு இழுத்தால், பொறிக்கு மின்சாரம் தரும் மின்பெட்டி கெட்டுப்போகலாம். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி போன பிறகே இதைச் செய்யுங்கள். நெருப்பு நீலமாகச் சுளீரென்று அடித்தால் சரி. பிளக்கைத் திரும்ப மாட்டி இழுக்கும்போதும் கயிறு எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.

இப்போது கியர் ஆயில். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வெளியே வரும் வழியில் தண்ணீர் உள்ளே போகும், கியர் துருப்பிடிக்கும், அந்தச் செலவு ஒரு சீசன் வருமானத்தைத் தின்றுவிடும். நம் முகத்துவாரத்தில் இதற்கு முக்கியக் காரணம் அறுந்த தங்கூசி, அதாவது நைலான் மீன்பிடி நரம்பு. புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் தண்டைச் சுற்றி நரம்பு இறுகிச் சுற்றியிருக்கும், சூட்டில் உருகி ஒட்டிக்கூட இருக்கும். ஆயிலை வெளியே விடாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல்; அந்த சீலின் உதட்டை நரம்பு அறுக்கிறது. கத்தியால் பிடுங்காதீர்கள், சீல் இன்னும் கிழியும். சிக்கை எதிர்ப்பக்கமாகப் பொறுமையாகப் பிரியுங்கள்.

அப்புறம் கீழ்த் திருகைத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஆயிலைப் பிடியுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. திருகில் சாம்பல் நிறத்தில் பசைபோல் இருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு வந்தால் ஓட்டாதீர்கள். சீலை மாற்றும் முன் திருகுகளின் வாஷரை மாற்றிப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகப் பம்பால் ஏற்றுங்கள். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு பம்பை எடுத்துக் கீழ்த் திருகை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி ஆயில் குறையும்.

புரொப்பல்லர் நடுவில் கறுப்பாக வடிவதற்குப் பெரும்பாலும் கண்ணளவில் ஆயில் கலப்பதே காரணம். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிதான். கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று நம்புகிறார்கள். பிளக்தான் கரி பிடிக்கும், மிச்சம் அலையாத்திக் காட்டுத் தண்ணீரில் படலமாக மிதக்கும். இறால் குஞ்சு வளர்கிற தண்ணீர் அது. அளவுக் குவளை ஒன்றை டேங்கோடு கட்டி வையுங்கள். மண்ணெண்ணெய்க்கு அளவு வேறு, அதையும் கையேட்டில் பார்த்தே கலக்குங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது கையேடு சொல்லும் பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள். தவறான பக்கம் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும், இழுக்கும்போது கயிறு இறுகும். பிளக்கைக் கழற்றி மெல்ல இழுத்து ஆயிலை வெளியேற்றி, அளவுகோலில் மட்டம் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.