40-க்கு 13: தாள் கைக்கு வந்த பிறகு

சிங்கப்பூரில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு வெப்ப இயக்கவியல் இடைப்பருவத் தேர்வில் நான் எடுத்தது 40-க்கு 13. இப்போது அதே மாதிரிப் பாடத்துக்கு டுட்டோரியல் நடத்துகிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் அன்றைய என் முகத்தோடு யாராவது ஒரு பிள்ளை மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். அவர்களிடம் அவசரத்தில் சொல்வதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் கேன்டீனில் விடை ஒப்பிட ஒரு கூட்டம் கூடும். அங்கே உட்காராதீர்கள். டெலிகிராம் குழுவை மறுநாள் வரை மியூட்டில் போடுங்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டீர்கள், அப்போது மணி என்ன, எதை எழுதி எதை அடித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும்வரை போனில் குறித்துவையுங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறி ஈசூன் போய்ச் சேர்வதற்குள் நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பாதி புலம்பல்தான். மீதிப் பாதி பின்னால் பெரிதும் உதவியது. இறுதித் தேர்வுத் தாள் பெரும்பாலும் உங்கள் கைக்குத் திரும்பி வராது, அப்போது இந்தக் குறிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

அன்று இரவு தூக்கம் வராவிட்டால் பரவாயில்லை. ஒரு வாரமாகியும் சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் அது படிப்புச் சங்கதி இல்லை. பல்கலைக்கழக மனநல ஆலோசகரைப் பாருங்கள். எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தாள் கைக்கு வந்த அன்று நான் செய்த முட்டாள்தனம், முதல் வாரத்திலிருந்து எல்லா நோட்ஸையும் மறுபடி எழுத உட்கார்ந்தது. நான்கு நிறப் பேனா வேறு. செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, இரவு வேலை முடிந்து வந்தவர், அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாத்தையும் எதுக்கும்மா பிரிச்சுப் போட்டிருக்கே? கப்பல் டாக்குக்கு வந்ததும் வெல்டிங் செட்டத் தூக்கிட்டு ஓட மாட்டோம். மொதல்ல சாக்பீஸ எடுத்துட்டு ஒரு சுத்து வந்து, எங்கெங்க ஓட்டைன்னு வட்டம் போடுவோம்.” குளிக்கப் போய்விட்டார். அவருக்கு வெப்ப இயக்கவியல் தெரியாது. நான் நோட்ஸை மூடிவிட்டுப் பச்சைப் பேனாவோடு தாளை எடுத்தேன்.

இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள். நான்கு காரணங்கள் போதும்: தெரியாது, தெரிந்தும் அடையாளம் தெரியவில்லை, கை தவறியது, நேரம் போதவில்லை. எனக்குப் போனது 27. அதில் கை தவறியது 4 (ஓரிடத்தில் கெல்வினுக்குப் பதில் செல்சியஸ், இன்னோரிடத்தில் ஜூலோடு கிலோஜூலைக் கூட்டியது). நேரம் போதாமல் 9. அடையாளம் தெரியாமல் 11. உண்மையிலேயே தெரியாதது 3 தான். மூன்று மதிப்பெண்ணுக்காகப் பாடம் முழுவதையும் நான்கு நிறத்தில் எழுதப் போயிருக்கிறேன்!

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ‘தெரியாது’ என்பதே 20 வந்தால் நோட்ஸுக்குத் திரும்புவதுதான் சரி. எண்ணிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்த 11-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் மாணவர்களில் அதிகம் பேர் விழும் குழி அது. கேள்வி இதுதான்: வெப்பம் புகாத, விறைப்பான பெட்டி. நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் 1 மோல் இலட்சிய வாயு, மறுபக்கம் அதே கன அளவு வெற்றிடம். தடுப்பை எடுத்தால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றம் எவ்வளவு? நான் எழுதியது: வெப்பம் புகாது, ஆகவே பரிமாறப்பட்ட வெப்பம் பூஜ்யம், ஆகவே என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம். ஒரே வரியில் முடித்த பெருமையோடு அடிக்கோடும் போட்டேன். வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கும் அந்தச் சூத்திரம் ரிவர்சிபிள் (மீளக்கூடிய) பாதைக்கு மட்டுமே பொருந்தும். வெற்றிடத்துக்குள் பாயும் வாயு தானாகத் திரும்பி வராது, அங்கே ரிவர்சிபிள் எதுவும் நடக்கவில்லை. தொடக்க நிலையும் முடிவு நிலையும் அதேயாக இருக்கும்படி, மாறாத வெப்பநிலையில் மெதுவாக விரியும் வேறொரு பாதையைக் கற்பனை செய்து கணக்கிட வேண்டும். வாயு மாறிலி 8.314-ஐ 2-இன் இயல் மடக்கையான 0.693-ஆல் பெருக்கினால் கெல்வினுக்கு 5.76 ஜூல்.

இந்தக் கணக்கை டுட்டோரியலில் நான் சரியாகப் போட்டவள். ஆனால் டுட்டோரியல் தாளின் தலையில் ‘மீளா விரிவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தேர்வுத் தாளில் தலைப்பு கிடையாதே. தலைப்பைப் பார்த்து விடை சொல்வதைத்தான் புரிந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

இதற்கு நான் கண்ட மருந்து, கத்தரிக்கோல். பழைய டுட்டோரியல் கேள்விகளைத் தலைப்பை வெட்டிவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் கலந்து போடுங்கள். தினம் பத்து எடுங்கள். முழுசாகத் தீர்க்க வேண்டாம். முதல் வரியை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கருத்து, எந்த நிபந்தனையில், கேள்வியின் எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுத்தது. பத்துக்கும் கால் மணி நேரம். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பாகும், மனசு விட்டுப்போகும். விடாதீர்கள். மறுபடி மறுபடி வாசிப்பது சுகமாக இருப்பதால்தான் அதில் ஏமாறுகிறோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 56 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள், மற்றவர்கள் 42.

நேரத்துக்கு வைத்தியம் சுருக்கமானது. 60 நிமிடத்தில் 40 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 6 மதிப்பெண் கேள்விக்கு 9 நிமிடம். ரயிலில் எழுதிய குறிப்பைப் பார்த்தால் நான் அதில் 22 நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தாளின் ஓரத்தில் அடுத்த கேள்விக்குப் போக வேண்டிய மணியைப் பென்சிலால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். வெற்றுப் பக்கத்துக்கு மதிப்பெண் போட என்னால் முடியாது. பாதி வழிக்கு முடியும்.

அடுத்து விரிவுரையாளரைப் பார்ப்பது. “ஏன் எனக்கு இவ்வளவு குறைவு?” என்று போனால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். கூட்டல் பிழை இருந்தால் அதை மட்டும் தனியாக, நேராகச் சொல்லுங்கள். மற்றதற்கு நான் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது: “3(ஆ)-வில் வெப்பம் பூஜ்யம் என்பதால் என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம் என்று எழுதினேன். ரிவர்சிபிள் நிபந்தனையை விட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. கேள்வியில் எந்தச் சொல்லைக் கண்டு நான் சுதாரித்திருக்க வேண்டும்? வியாழக்கிழமை பத்து நிமிடம் வரலாமா?” போனேன். அவர் தாளில் ஒரே ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினார்: வெற்றிடம். எதிர் அழுத்தமே இல்லாத இடத்தில் மெதுவான விரிவு எங்கிருந்து வரும் என்றார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

கேள்வியே பிழை என்று தோன்றினால்? மண்டபத்திலேயே கையைத் தூக்கிக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் “இந்த மதிப்பு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டு மேலே போங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு கேள்வியில் தேவையான வெப்பக் கொள்ளளவே தரப்படவில்லை. எங்கள் குழு ஒரு பக்கத்துக்கு அநியாயம் அக்கிரமம் என்று மனு தீட்டியது. தோழி ஒருத்தி அதை மூன்று வரியாக்கினாள்: கேள்வி எண், விடுபட்ட மதிப்பு, அது இல்லாமல் எந்த வரிக்குமேல் போக முடியாது. தாள் திருத்தத் தொடங்கும் முன்பே அனுப்பினோம், சரிசெய்தார்கள். கடினமாக இருந்தது என்று மட்டும் புகார் எழுதாதீர்கள், அதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

கடைசியாகக் கொஞ்சம் கணக்கு. அந்தத் தேர்வுக்கு மொத்தத்தில் 20 சதவீத எடை. 40-இல் 27 போனால் நான் இழந்தது 13.5. மீதி 86.5 இன்னும் மேசையில் இருந்தது. வகுப்புச் சராசரியே 18 என்று பிறகு தெரிந்தது. பெல் கர்வ் (வகுப்போடு ஒப்பிட்டுக் கிரேடு போடும் முறை) இருக்கும் பாடத்தில் உங்கள் எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறுதியில் எனக்கு பி வந்தது. சி வந்திருந்தால்? இங்கே 5 புள்ளி முறையில் பி 3.5, சி 2. 160 யூனிட் பட்டத்தில் 4 யூனிட் பாடம் அது. எல்லாப் பாடங்களும் கணக்கில் சேர்ந்தால் வித்தியாசம் 0.0375. எஸ்/யு வசதி (கிரேடுக்குப் பதில் தேறியதா இல்லையா என்று மட்டும் பதிவது) உங்கள் பாடத்துக்கு உண்டா என்று மட்டும் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கெடு முடிந்தபின் அழுது பயனில்லை.

இந்த நேரம் பார்த்துத் தீபாவளியும் வரும். அத்தை வருவார். “எப்படிம்மா பரீட்சை?” என்பார், தம் மகனின் மதிப்பெண்ணைக் கையோடு கொண்டுவந்திருப்பார். அவரிடம் இந்த 0.0375 கணக்கையெல்லாம் சொல்ல வேண்டாம். முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்துங்கள்.