வெளிச்சுவரில் கடைப்பெயர் எழுத்துகள்: எந்தப் பசை நிற்கும்?

கழன்று விழுந்த எழுத்தைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பசையோடு பெயின்ட் ஏடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பிடி விட்டது சுவர். எழுத்தின் முதுகு துடைத்தாற்போல் இருந்து பசை முழுக்கச் சுவரிலேயே நின்றிருந்தால், எழுத்தின் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோ உரிக்காமல் விட்ட பாதுகாப்புத் தாளோ இருந்திருக்கும். பசை இறுகி வெடித்திருந்தால் வாங்கிய வகையே தவறு. நடுவில் கிழிந்து இரு பக்கமும் பாதிப் பாதியாக நின்றால், பூசிய அளவு போதவில்லை, அல்லது முழுதாக இறுகும் முன்பே பாரம் ஏறிவிட்டது.

பசை ஏன் வெடிக்கிறது? 60 செ.மீ. உயரமுள்ள அடர்நிற அக்ரிலிக் எழுத்து, விடியலில் 25 டிகிரியில் இருந்து நண்பகல் வெயிலில் 65 டிகிரிக்குப் போகும்போது சுமார் 1.7 மி.மீ. நீள்கிறது. அதே அளவு சூடேறினாலும் சிமென்ட் சுவர் கால் மி.மீ.தான் நீளும். இந்த இழுபறி தினமும் நடக்கும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையும் அரால்டைட் போன்ற எபாக்ஸியும் கல்போல இறுகுபவை. எழுத்தோடு சேர்ந்து நீள அவற்றுக்குத் தெரியாது. பெரிய எழுத்தைச் சுவரில் ஒட்ட இரண்டையும் நம்பாதீர்கள். உலோக எழுத்தின் முதுகில் திருகுக் கம்பியைப் பதிக்க மட்டும் எபாக்ஸி அருமையானது.

வெளிச்சுவருக்கு ஏற்றது நியூட்ரல் க்யூர் சிலிக்கான், அதாவது இறுகும்போது அமிலம் விடாத சிலிக்கான். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் பெரும்பாலும் அசிடிக் வகை. குழாயைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். இறுகும்போது வெளிவரும் அந்த அமிலம் சிமென்ட் பூச்சின் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிடியைக் கெடுக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டையும் பித்தளையையும் அரிக்கும். உள்ளே எல்இடி இருந்தால் அதையும் பாழாக்கும். வாங்கும்போது குழாயின் மேல் ‘நியூட்ரல்’ என்ற சொல்லையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி கடந்த சிலிக்கான் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பிறகு மேலே பெயின்ட் அடிக்க வேண்டிய இடமென்றால் எம்எஸ் பாலிமர் சீலன்ட் என்ற, பெயின்ட் ஏற்கும் ரப்பர் போன்ற பசையை வாங்குங்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது. தெர்மோகோல் எழுத்துக்கு மஞ்சள் ரப்பர் பசை வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும்.

இனி சுவர். எவ்வளவு விலையுயர்ந்த பசையாக இருந்தாலும் அது பிடிப்பது பெயின்டைத்தான். பெயின்ட் சுவரைப் பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன் மேல் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் உரிந்தாலோ, விரலால் தேய்த்தால் மாவு படிந்தாலோ, எழுத்து உட்காரும் இடத்தில் மட்டும் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயவிடுங்கள். ஏசிபி ஷீட்டில் (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) வேறு சிக்கல்: வெளிப்புறத் தரத்துக்கான பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் பூச்சில் பல பசைகள் சரியாகப் பிடிப்பதில்லை. ஓரத் துண்டு ஒன்றில் ஒட்டி, ஒரு வாரம் கழித்து இழுத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஒட்டும் முறை இது. முழுப்பெயரையும் அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, எழுத்துகள் உட்காரும் இடத்தை வெட்டி நீக்கி, மட்டம் பார்த்து மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். தமிழ்ப் பெயருக்கு இது இல்லாமல் முடியாது. புள்ளிகள் தனித் துண்டுகளாக வரும், கண்மதிப்பில் வைத்தால் கோணலாகிவிடும். எழுத்தின் முதுகை 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பாதித் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அக்ரிலிக் மேல் தின்னரோ பெட்ரோலோ படக்கூடாது. மயிரிழை விரிசல் விடும்.

அடுத்து 1 மி.மீ. தடிமனுள்ள விஹெச்பி டேப் (இருபுறமும் ஒட்டும் வலுவான நுரை டேப்) துண்டுகளை மூலைகளில் ஒட்டுங்கள். சிலிக்கான் இறுகும்வரை எழுத்தைப் பிடித்து வைப்பதும், பசை முழுக்கப் பிதுங்கிவிடாமல் இடைவெளி காப்பதும் அவைதான். டேப்பை மட்டுமே நம்புவதாக இருந்தால் கிலோவுக்குக் குறைந்தது 60 சதுர செ.மீ. டேப் வேண்டும், வழவழப்பான பரப்பில்தான் அது செல்லும், சொரசொரப்பான பூச்சில் செல்லாது.

சிலிக்கானை 6 மி.மீ. தடிமனில் மேலிருந்து கீழாகக் கோடுகளாக இடுங்கள். முழுக்க மெழுகுவதும் வட்டமாக மூடுவதும் கூடாது. சிலிக்கான் காற்றின் ஈரத்தால், ஓரத்திலிருந்து நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ. வரையே இறுகும், மெழுகிவிட்டால் நடுப்பகுதி வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். நெடுக்குக் கோடு என்றால் மழைநீரும் வழிந்து இறங்கிவிடும். 280 மி.லி. குழாயில் இப்படிச் சுமார் 10 மீட்டர் வரும். ஓரடி உயர எழுத்துக்கு அரை மீட்டர் என்று கணக்கிட்டால் ஒரு குழாயில் 20 எழுத்து.

எழுத்தைக் காகிதத்தில் வெட்டிய இடத்தில் சுவரில் வைத்து அரை நிமிடம் அழுத்தி, மேலே மாஸ்கிங் டேப்பால் பிடித்துவையுங்கள். வெயிலில் சுட்ட சுவரிலும் மழைக்குப் பின் குளிர்ந்த ஈரச் சுவரிலும் ஒட்ட வேண்டாம். அந்த டேப்பை 24 மணி நேரம் எடுக்காதீர்கள். மூன்று நாள் யாரும் இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்று நாள் வறட்சி கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எடை 2 கிலோவைத் தாண்டினாலோ, எழுத்துக்குக் கீழே ஆட்கள் நடந்தாலோ, பசை மட்டும் போதாது. முதுகில் 4 மி.மீ. கம்பி பதித்து, சுவரில் 5 மி.மீ. துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, துளைக்குள்ளும் சிலிக்கான் நிரப்பிச் செருகுங்கள். கடலோர ஊர் என்றால் 316 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பியே வேண்டும். புள்ளிகளுக்கு எடை இல்லாவிட்டாலும் ஆளுக்கொரு கம்பி கொடுத்துவிடுங்கள்: ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் முதலில் உதிர்வது அவைதான், ஒரு புள்ளி உதிர்ந்தாலே கடையின் பெயர் வேறாகிவிடும்.