ஐரோப்பியக் கட்சிகளைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூன் 9 அன்று முனிக் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் போனவர் கையில் ஒரு நீளமான தாளைக் கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகக் கட்சிகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் பட்டியலின் முதல் 10 வேட்பாளர்கள், அவர்களுடைய தொழில், ஊர். கிறிஸ்தவ சமூக ஒன்றியம் இருந்தது, சமூக ஜனநாயகக் கட்சி இருந்தது. ஐரோப்பிய மக்கள் கட்சி என்ற பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. ஆனால் மறுநாள் செய்திகளில் முதலிடம் பிடித்தது அந்தக் கட்சிதான்.

நாம் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பெயரில் 'கட்சி' என்று இருப்பதால், நாம் அறிந்த கட்சி போலவே கிளை, வேட்பாளர், சின்னம் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பல நாட்டுக் கட்சிகளின் கூட்டமைப்பு. நேரடித் தேர்தல் 1979இல் தொடங்கப்போகிறது என்று தெரிந்த நிலையில் 1976இல் அமைத்தார்கள். அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சிகளே. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுக் கேட்பதும் அந்தந்த நாட்டுக் கட்சிகளின் வேலை.

இதைவிடப் பெரிய குழப்பம், ஐரோப்பியக் கட்சியையும், அவைக்குள் ஒத்த கருத்துள்ள உறுப்பினர்கள் சேர்ந்து அமைக்கும் நாடாளுமன்றக் குழுவையும் ஒன்றாக எண்ணுவது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் நாடுவாரியாக உட்காருவதில்லை, குழுவாரியாக உட்காருகிறார்கள். ஒரு குழு அமைக்க 7 நாடுகளிலிருந்தாவது 23 பேர் வேண்டும். கட்சி வேறு, குழு வேறு என்பதற்கு ஹங்கேரியின் ஃபிடெஸ் கட்சி நல்ல சாட்சி. 2019 மார்ச்சில் ஐரோப்பிய மக்கள் கட்சி அதை இடைநீக்கம் செய்தது. ஆனால் ஃபிடெஸ் உறுப்பினர்கள் அதே பெயர் கொண்ட நாடாளுமன்றக் குழுவில் 2021 மார்ச் வரை இருந்தார்கள். 'கட்சி தண்டித்துவிட்டது' என்று 2019இலேயே முடிவுகட்டியவர்களுக்கு, ஹங்கேரி வாக்காளரின் ஓட்டு அவையில் எந்தப் பக்கம் விழுந்தது என்பது தெரியாமலே போனது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. தன் பிரதிநிதி யாரோடு உட்காருகிறார் என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டாமா?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2017இல் வோல்ட் என்ற கட்சி தொடங்கியது: எல்லா நாட்டிலும் ஒரே பெயர், ஒரே கொள்கை. சரி, இதுவாவது எல்லை கடந்த ஒரே கட்சியா என்றால், சட்டப்படி அதுவும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டுதான் போட்டியிட முடிகிறது. 2019இல் ஒரு இடம் வென்றது. 2024இல் ஐந்து: ஜெர்மனியில் மூன்று, நெதர்லாந்தில் இரண்டு.

தேர்தலில் வென்ற கூட்டமைப்பு முன்னிறுத்திய முதன்மை வேட்பாளரே, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஆவார் என்று எழுதுவதும் தவறு. 2014இல் ஐரோப்பிய மக்கள் கட்சியின் யுங்கர் அப்படி வந்தார். 2019இல் அதே கட்சியின் முதன்மை வேட்பாளரான வேபரை ஒதுக்கிவிட்டு, அந்தப் போட்டியிலேயே இல்லாத உர்சுலா ஃபொன் டெர் லையனை உறுப்பு நாடுகளின் அரசுத் தலைவர்கள் முன்மொழிந்தார்கள். நாடாளுமன்றம் 383 ஓட்டுகளால் ஏற்றுக்கொண்டது.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியம் விரியும்போது நாடாளுமன்ற இடங்களும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம். 1979இல் 9 நாடுகளுக்கு 410 இடங்கள் இருந்தன, இப்போது 27 நாடுகளுக்கு 720. ஆனால் ஒன்றியத்தின் அடிப்படை விதிகளை வகுக்கும் லிஸ்பன் ஒப்பந்தம் 751க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. அதாவது ஜெர்மனியில் சுமார் 8.7 லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி, மால்டாவில் ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு ஒருவர். இதைக் கணக்குப் பிழை என்று நினைக்க வேண்டாம். சிறிய நாடுகளின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்று தெரிந்தே வைத்த ஏற்பாடு அது. உக்ரைன் போன்ற பெரிய நாடு உள்ளே வந்தால், மற்றவர்கள் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும்.

கட்சிகள் அதுவரை காத்திருப்பதில்லை. செர்பியா இன்னும் ஒன்றியத்தில் சேரவில்லை. ஆனாலும் அதன் முற்போக்குக் கட்சி ஐரோப்பிய மக்கள் கட்சியில் இணை உறுப்பினர். வாக்காளர்களுக்கோ ஐரோப்பா முழுக்க ஒரே பட்டியல் கூட இன்னும் வாய்க்கவில்லை. 28 இடங்களை அப்படி நிரப்பலாம் என்று 2022 மே மாதம் நாடாளுமன்றம் கேட்டது. அரசுகளின் சம்மதம் கிடைக்காததால், 2024இலும் முனிக் வாக்காளர் கைக்கு வந்தது அந்த ஒரு தாள் மட்டும்தான்.