தாடை இறுக்கம்: எங்கே அமுக்குவது, எங்கே கூடாது

காலையில் எழும்போதே தாடை கனக்கிறது, கொட்டாவி விட்டால் காதோரம் சுள்ளென்கிறது என்றால், பெரும்பாலோர் காதுக்கு முன்னால் உள்ள மூட்டைத்தான் போட்டுத் தேய்ப்பார்கள். அங்கே கை வைக்காதீர்கள், மூட்டு இன்னும் எரிச்சலாகும். பிடிக்க வேண்டியது தசையை.

கன்னத்தில் விரல் வைத்துக் கடைவாய்ப் பல்லைக் கடித்துப் பாருங்கள். கன்ன எலும்புக்கும் தாடையின் கீழ் மூலைக்கும் நடுவே ஒன்று புடைக்கும். அதுதான் மெல்லும் தசை. அதன் கீழ்ப்பாதி இறுகினால் கடைவாய்ப் பல் வலிப்பது போலவே இருக்கும். பல் மருத்துவர் 'பல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லி அனுப்புவது சில சமயம் இதனால்தான்.

முதலில் ஒத்தடம். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம். பிறகு உதட்டை மூடி, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாமல், நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வையுங்கள். பல் கடித்தபடி இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வீண், தசை இளகாது.

இரண்டு விரலைக் கன்ன எலும்பின் அடியில் வைத்து, தோலின் மேல் வழுக்காமல், தோலோடு சேர்த்தே சின்ன வட்டமாக 5 சுற்று. ஒரு விரல் அகலம் இறங்கி மறுபடி. தாடை மூலை வரை இப்படியே. நடுவில் கடலை மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டால் அங்கேயே 30 விநாடி அமுக்கி நிறுத்துங்கள். வலி பத்துக்கு நாலு போதும். மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தால் அமுக்கு அதிகம். எண்ணெய் இப்போது வேண்டாம், விரல் நழுவும். கடைசியில் 2 சொட்டு தடவி, வாயை மெல்லத் திறந்துகொண்டே மேலிருந்து கீழாக நீவுங்கள்.

நெற்றிப்பொட்டிலும் காதுக்கு மேலும் விசிறி போல ஒரு தசை உண்டு. நான்கு விரல் நுனியால் அதே வட்டம்.

பழகிய பிறகு, நகம் வெட்டிக் கை கழுவி, கட்டைவிரலைக் கன்னத்தின் உள்பக்கமும் மற்ற விரல்களை வெளிப்பக்கமும் வைத்துத் தசையை 10 விநாடி பிடித்து விடலாம். கடைசிப் பல்லுக்கும் பின்னால் விரலை விடாதீர்கள்; அது பிசியோதெரபிஸ்ட் வேலை.

ஒத்தடம் போக, தேய்ப்பது மொத்தம் 5 நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. ஆர்வத்தில் அரைமணி நேரம் அமுக்கினால் மறுநாள் சோறு மெல்லவே வலிக்கும். தாடைக்குக் கீழே கழுத்தை அமுக்கவே கூடாது, பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. வலி தணியும்வரை முறுக்கு, சீடை, சூயிங்கம் வேண்டாம்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தாடை வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அது இதயமாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டர். வீக்கம், காய்ச்சல், வாய் பூட்டிக்கொள்வது எதற்கும் மசாஜ் மருந்தில்லை.

பலன் தெரிய, நடு மூன்று விரலை நெட்டாக அடுக்கி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். இரண்டு விரலே நுழைந்த வாய் சில வாரத்தில் மூன்றை ஏற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.