பாட்டு முடிந்தும் கை திரும்பாத ரெக்கார்டு சேஞ்சரைச் சரிசெய்வது எப்படி?

மேலூரில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பிஎஸ்ஆர் மோனார்க் சேஞ்சரை மதுரைக்குக் கொண்டுவந்தேன். ரெக்கார்டுகளை நடுக்கம்பியில் அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாக விழுந்து தானே பாடும் மிஷின். மத்தியானத்தில் ஓரளவு ஒழுங்காக ஓடியது. மார்கழிக் காலையில் மட்டும் பாட்டு முடிந்தும் முள் கடைசி வரியிலேயே கிரிச் கிரிச் என்று சுற்றும், முள்ளைத் தாங்கும் கை திரும்பாது. மோட்டார்தான் கோளாறு என்று இரண்டு மாதம் வீணடித்தேன்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. முள் கையை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு ரப்பர் விரிப்பை எடுத்தால் நடுவில் சி வடிவ கிளிப் தெரியும். நெம்பும்போது இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள். பறந்தால் கட்டிலுக்கடியில்தான் தேடவேண்டும். ரெக்கார்டைச் சுற்றும் தட்டை நேராக மேலே தூக்குங்கள். அடியில் வாஷரும் பால்ரஸும் என்ன வரிசையில் இருக்கின்றன என்று போட்டோ எடுக்காமல் கைவைக்காதீர்கள்.

2. ஐட்லர் வீலின் (மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் சின்னச் சக்கரம்) ரப்பர் ஓரத்தையும் அது உரசும் தட்டின் உள்விளிம்பையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் பளபளவென்று இறுகியிருந்தால் மெல்லிய எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். தின்னர் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

3. விஷயமே இங்கேதான். தட்டுக்கு அடியில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதில் ஓரிடத்தில் பல்லே இருக்காது. பாட்டு ஓடும்போது அந்த இடைவெளிதான் தட்டின் பல்லுக்கு எதிரே நிற்கும். சக்கரத்தின் மேல் ஒரு சின்ன நாக்கு. முள் கை மெதுவாக உள்ளே நகர்ந்து நாக்கை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும்வரை, தட்டின் நடுவிலுள்ள புடைப்பு ஒவ்வொரு சுற்றிலும் நாக்கைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளும். கடைசி வரியில் முள் சட்டென்று உள்ளே போகும். நாக்கும் கூடவே வேகமாக முன்னே வந்து புடைப்பில் மாட்டும். உடனே பெரிய சக்கரம் சுழன்று கையைத் தூக்கும், அடுத்த ரெக்கார்டை விழவிடும். ஆக, நாக்கு காற்றுப் பட்டாலே அசைகிற மாதிரி இருக்கவேண்டும்.

என்னுடையது பிசினில் ஒட்டியிருந்தது. சித்தப்பாவிடம் கேட்டேன். "ஏன்டா, நான்தான் வருஷா வருஷம் தேங்காய் எண்ணெய் விட்டேனே!" என்றார். சரி, மர்மம் விலகியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழி விடியலில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

நாக்கையும் அதன் அச்சையும் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் இரண்டு மூன்று தடவை கழுவிக் காயவிடுங்கள். பிறகு எந்த எண்ணெயும் போடாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். துருநீக்கி ஸ்பிரேயும் எனக்குப் பிடிக்காது, வேண்டாத இடமெல்லாம் பரவுகிறது. பெரிய சக்கரத்தின் தடத்தில் மட்டும் புது கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். மோட்டார் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

4. தட்டைத் திரும்ப மாட்டி, மின்சாரம் கொடுக்காமல் அதைக் கையால் சுற்றி, முள் கையை உள்ளே நகர்த்திப் பாருங்கள். மெதுவாக நகர்த்தினால் எதுவும் நடக்கக்கூடாது, சட்டென்று நகர்த்தினால் மாட்டவேண்டும். அப்புறம் பிளக்கைச் செருகலாம்.

பின்சேர்க்கை: உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் எல்லாம் செய்தும் முள் ரெக்கார்டுக்கு வெளியே விழுகிறது என்று எழுதியிருந்தார். அது வேறு கோளாறு. பெரும்பாலான சேஞ்சர்களில் கையின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இறங்குமிடத்தைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, உதவாத பழைய ரெக்கார்டைப் போட்டுச் சோதியுங்கள். நான் அவசரத்தில் நல்ல ரெக்கார்டைப் போட்டுக் கீறல் வாங்கினேன்.