உறைபனி ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடைப் புரிந்துகொள்வது எப்படி

கார்பன் டை ஆக்சைடு எப்படிப் பூமியைச் சூடாக்குகிறது என்று பிள்ளைகள் கேட்டால் உடனே கார்னேஷன் பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸைக் கைகாட்டாதீர்கள். பாலிஹவுஸ் சூடாக இருக்க முக்கியக் காரணம், உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கு வெளியே போக வழியில்லாததுதான். ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் உறைபனி.

டிசம்பர், ஜனவரியில் மேகமே இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற, காற்று அசையாத ஒரு ராத்திரியாகப் பாருங்கள். ஒரு தெர்மாமீட்டரை வெட்டவெளியில் புல் மேலேயே வையுங்கள், இன்னொன்றை அடர்ந்த மரத்தடிப் புல்லில். வெயில் படுவதற்குள் போய்ப் பார்த்தால் வெட்டவெளியில் சில டிகிரி குறைவாகக் காட்டும், பனி கொட்டிப் புல் வெள்ளை வெளேரென்று இருக்கும், மரத்தடியில் பச்சையாகவே இருக்கும். மேகம் மூடிய ராத்திரியில் திரும்பச் செய்தால் அவ்வளவு வித்தியாசம் வராது.

ஏன்? தரை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மரமும் மேகமும் அதை வாங்கிக்கொண்டு கீழேயும் சூட்டை அனுப்புகின்றன. கார்பன் டை ஆக்சைடு செய்வதும் இதே வேலைதான். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை, இது தடுக்கும். மேகமாவது காலையில் கலைந்துவிடும், நாம் எரித்து விட்டதில் ஒரு பங்கு ஆயிரம் வருஷம் கழித்தும் காற்றில் இருக்கும். பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஏனென்றால் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏற 4 லிட்டர் பிடித்தால் 9 கிலோ. பல கோடி வருஷம் மண்ணுக்கடியில் கிடந்த கார்பன் அது! தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 280. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958-இல் அளக்க ஆரம்பித்தபோது 315 இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

“இன்னும் உறைபனி விழுகிறதே, அப்புறம் என்ன வெப்பமயமாதல்?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஒரு வருஷத்துப் பனியை வைத்து இரண்டு பக்கமும் எதுவும் சொல்ல முடியாது, இருபது முப்பது வருஷக் கணக்கு வேண்டும். அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள்: முதல் நீர்ப்பனி (உறையாமல் நீராகவே படியும் பனி) எந்தத் தேதி, முதல் உறைபனி எந்தத் தேதி, தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது, அன்று மேகம் இருந்ததா.